அகிம்சைக் கம்பளி

செஞ்சி
19.1.2025

அன்புள்ள தம்பி ஜீவகனுக்கு,

அக்கா ராஜமதி எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் நின்றதா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னோடு பேசினால் உன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்கிறார். அப்புறம் பேசுவது நானாக இருக்காது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் தையல் சொல்லிக்கொடுக்கும் மகளிர் மன்றத்தின் விலாசத்தை உறைமேல் எழுதியிருக்கிறேன். அங்கே போடு.

கேட்க வந்தது சின்ன விஷயம்தான். கேஷ்மியர் என்கிறார்களே, அது என்ன? ஆட்டு முடியா, செம்மறி ரோமமா? எங்கிருந்து வருகிறது? நம் துணிக்கடைக்கு வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். நீ அந்தக் கம்பளி ஆலையில்தானே இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறாய். ஆட்டைக் கொல்லாமல் எடுக்கிற கம்பளி என்றார் அவர். அது உண்மையா? அதையாவது சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ராஜமதி


லே
6.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நிற்கவில்லை. இந்த ஆலையில் இருக்கும்வரை நிற்காது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

கேஷ்மியர் என்பது வெள்ளாட்டு முடி. செம்மறி இல்லை. பேர்தான் காஷ்மீர், அங்கே நெய்து விற்றதால் ஒட்டிக்கொண்ட பேர். ஆடு இருப்பது இங்கே, லடாக்கின் கிழக்கே, திபெத்தை ஒட்டிய மேட்டு வெளியில். மங்கோலியாவிலும் சீனாவிலும் இன்னும் நிறைய உண்டு. எல்லாம் மூச்சு வாங்கும் உயரம், உறைகிற குளிர். அந்தக் குளிருக்குத்தான் ஆட்டின் முரட்டு முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒன்று முளைக்கும். நம் தலைமுடியை ஆறாக வகிர்ந்தால் ஓர் இழை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிசு. கோடை தொடங்கும்போது அது தானே உதிரும். அப்போது ஆட்டைக் காலைக் கட்டிக் கிடத்தி இரும்புச் சீப்பால் வாரி எடுப்பார்கள். கொல்ல வேண்டியதில்லை. அது உண்மை.

ஆனால் பஞ்சு என்றதும் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை நினைத்துக்கொள்ளாதே. எங்களுக்கு வரும் மூட்டையைப் பிரித்தால் புழுக்கை, பிசுக்கு, பொடுகு, செத்த உண்ணி. எடை கூட வேண்டும் என்று தரகர்கள் தண்ணீர் தெளித்து மணலைக் கலந்திருப்பார்கள். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். அலசுகிற தொட்டியில் சாக்கடை மாதிரி ஓடும். ஒரு மூட்டை அழுக்கைக் கழித்துச் சலித்தால் பாதிகூடத் தேறாது. பொடுகுத் தூசி தொண்டையில் ஒட்டிக்கொண்டு காலையில் காறினால் சாம்பல் நிறத்தில் வருகிறது. பஜாரில் இதே பேரைச் சொல்லிச் செயற்கை நூல் சால்வையை விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுகிறார்கள். பார்க்கும்போது எரிச்சலாக வரும்.

யார் அந்த ஆள்? விற்க வந்தவரா?

தம்பி,
ஜீவகன்


செஞ்சி
27.2.2025

அன்புள்ள ஜீவகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இன்னும் சில சந்தேகம். அந்த ஆடு குளிர் இல்லாத இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? ஏ.சி. போட்ட அறை போதுமா? தரை ஈரமாக இருந்தால் கால் குளம்புக்கு ஏதாவது வருமா? வேர்க்கடலைக் கொடி தின்னுமா? சும்மாதான் கேட்கிறேன்.

வல்லம் ரோட்டில் நமக்கு ஒரு வேர்க்கடலை குடோன் இருந்ததே, அதை உன் மாமா வெள்ளையடித்து ஏ.சி. மாட்டியிருக்கிறார். கோதண்டராமன் என்று ஒரு கூட்டாளி சேர்ந்திருக்கிறார். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. கோட்டை மலைப் பாறையெல்லாம் சாயங்காலம்வரை அனல் கக்குகிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


லே
16.3.2025

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பதாகத் தோன்றவில்லை.

சும்மா கேட்கிறவர்கள் குளம்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். குடோனில் என்ன இருக்கிறது? மாமா ஆடு வாங்கப் போகிறார் என்றால் தடுத்து நிறுத்து. செஞ்சி வெயிலில் அந்தப் பஞ்சு முளைக்கவே முளைக்காது. குளிர்தான் அதை முளைக்க வைப்பது. இருப்பதும் கொத்துக்கொத்தாக உதிர்ந்துவிடும். மூடின அறைக்குள் அடைத்தால் மூத்திர நெடியிலேயே அதன் நுரையீரல் வெந்துபோகும். ஏ.சி.யால் குளிரை வாங்கலாம், காற்றை வாங்க முடியாது.

ஒளிக்காமல் எழுது. காத்திருக்கிறேன்.

ஜீவகன்


செஞ்சி
24.4.2025

அன்புள்ள ஜீவகனுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் உனக்கு முதல் கடிதம் எழுதினபோதே ஆடுகள் வந்துவிட்டன. பொங்கல் முடிந்த கையோடு லாரியில் நாற்பது உருப்படி. இமாசலத்துத் தரகர் ஒருவர் மூலமாகக் கோதண்டராமன் வரவழைத்தார். வெள்ளை வெளேரென்று, முறுக்கின கொம்போடு, கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தன. உன் மாமா ரிப்பன் வெட்டினார். வாசலில் பெரிய போர்டு: 'செஞ்சி அகிம்சைக் கம்பளி.' கொல்லாமல், துன்புறுத்தாமல் எடுக்கும் கம்பளி, சமண மரபில் வந்த குடும்பத்தின் தயாரிப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. நம் சமூகத்து ஆட்கள் நிறையப் பேர் பங்கு சேர்ந்திருக்கிறார்கள். மெட்ராஸிலிருந்தெல்லாம் காரில் வந்து ஆட்டைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆட்டைத் தொட்ட கையை அங்கேயே டிஷ்யூ பேப்பரில் துடைத்து ஆட்டின் காலடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நாற்றத்தைச் சொல்லி முடியாது. குடோன் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. ஆடு பார்த்துக்கொள்ள செந்தமிழன் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். பாவம், அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே நிற்கிறார். உன் மாமா வீட்டுக்கு வரும்போது சட்டையில் அந்த நெடி. அதற்கு மேல் சென்ட் அடித்துக்கொள்கிறார். இரண்டும் கலந்து வருவதற்குத் தனி நெடியே தேவலாம். சோற்றைப் பிசைந்தால் எனக்கு அதே வாடை அடிக்கிறது.

அங்கே வாரின முடி கொஞ்சம் இதோடு வைத்திருக்கிறேன். நல்ல சரக்குதானா என்று பார்த்துச் சொல். ஆடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

அக்கா,
ராஜமதி


லே
15.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நீ அனுப்பின முடியை ஆலையில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நல்ல சரக்குதான். அசல். ஆனால் வாரின முடி இல்லை அக்கா. வாரினால் உதிர்ந்த இழை மட்டும் வரும். இதில் வேரோடு தோல் துணுக்கு ஒட்டியிருக்கிறது, பச்சையாக. மேசைமேல் வைத்த கொஞ்ச நேரத்தில் நாற ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "செத்த ஆடு" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார்.

ஆடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். எத்தனை செத்தன? அவற்றின் தோலிலிருந்து பிடுங்குகிறார்களா? உனக்குத் தெரிந்துதான் இதை எனக்கு அனுப்பினாயா?

ஜீவகன்


செஞ்சி அகிம்சைக் கம்பளி
வல்லம் சாலை, செஞ்சி
9.6.2025

அன்பு மைத்துனர் ஜீவகன் அவர்களுக்கு,

அருகப் பெருமான் அருளால் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு யாவரும் க்ஷேமம்.

தங்கள் அக்காள் தங்களுக்குக் கடிதம் எழுதுவதாக அறிந்தேன். மகிழ்ச்சி. பெண்கள் சிறு விஷயத்தையும் பெரிதாக்குவது இயல்பு. புதிய தொழிலில் ஆரம்பச் சிரமங்கள் இருக்கத்தான் செய்யும். கால்நடை மருத்துவர் அன்புக்கரசி என்பவர் வந்து தேவையில்லாத வார்த்தைகளைப் பேசிவிட்டுச் சென்றார். அவருக்கு இந்த இன ஆட்டைப் பற்றி அனுபவம் கிடையாது. வெயிலைக் கருதிச் சில உருப்படிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

தங்களால் ஓர் உதவி தேவை. தங்கள் ஆலையின் முத்திரைத் தாளில், செஞ்சி ஆடுகளின் கம்பளி பரிசோதிக்கப்பட்டது, உயர்தரமானது, துன்புறுத்தாமல் சேகரிக்கப்பட்டது என்று ஒரு சான்று அனுப்பிவைக்கவும். ஆகஸ்டில் பங்குதாரர்களுக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறோம். நம் பரம்பரையின் கொள்கையை உலகுக்குக் காட்ட இது ஒரு வாய்ப்பு.

இப்படிக்கு,
ச. அஜிததாஸ்


லே
21.6.2025

அக்கா,

மாமா எனக்கு எழுதியிருக்கிறார். சான்று கேட்கிறார். தாளைத் தொடவே பிடிக்கவில்லை. பதில் போட மாட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன் என்கிறாரே, எந்த இடத்துக்கு? ஊட்டிக்கா, ஏற்காட்டுக்கா? உன்னிடம் கேட்டால்தான் உண்மை வரும் என்று இன்னமும் நம்புகிறேன்.

நீ பயந்துகொண்டிருக்கிறாயா? அதையாவது எழுது.

ஜீவகன்


செஞ்சி
13.7.2025

என் தம்பி ஜீவகனுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. நீயாவது நன்றாக இரு.

முடியைத் தெரிந்துதான் அனுப்பினேன். வாயால் சொல்ல முடியாததை நீயே கண்டுபிடித்துக் கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்டாய். அப்புறமும் எனக்குச் சொல்ல வரவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு நாள் காலையில் போன கரண்ட் பொழுது சாயும்வரை வரவில்லை. செந்தமிழன் போன் பண்ணி, "அக்கா, ஐயா எடுக்க மாட்டேன்றாரு, நீங்களாவது வாங்க" என்றார். ஓடினேன். கதவைத் திறந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாயில் நுரை. உயிரோடு இருந்தவை செத்தவற்றின் மேல் ஏறி நின்று ஜன்னல் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தன. ஈ மொய்த்து ஒன்றின் கண்ணே தெரியவில்லை. உன் மாமா சாவகாசமாக வந்தார். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "தோலை மட்டும் உரிச்சி உப்புப் போட்டு வை. முடி வேஸ்ட் ஆவக் கூடாது" என்றார் செந்தமிழனிடம். அவர் மாட்டேன் என்றதும் வெளியிலிருந்து ஆள் வந்தது.

மீதியை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்றபோது நானும் நம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ்ஸில் ஒரு வளைகாப்புக்குப் போனேன். வழியில் ஒரு கறிக்கடை முன்னால் நம் துணிக்கடை டெம்போ நின்றது. இறங்கிவிட்டேன். பலகைமேல் தலை வைத்திருந்தது, முறுக்கின கொம்போடு. வெள்ளை முடியெல்லாம் ரத்தத்தில் திரிதிரியாக ஒட்டியிருந்தது. கடைக்காரர் என்னை வாங்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த ஆட்டுல கறி கம்மிம்மா, முடிதான் ஜாஸ்தி. நம்மூரு ஆடு அப்பால வரும், அத வாங்கிக்க."

"இது எங்கருந்து வருது?"

"வல்லம் ரோட்டுலருந்து. வாரா வாரம் அனுப்பறாரு. தோலை மட்டும் திருப்பிக் குடுத்துடணும்னு கண்டிசனு."

அங்கேயே ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். கடைக்காரர்தான் தண்ணீர் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் மாமா வழக்கம்போல, விளக்கில் பூச்சி விழுந்து சாகக் கூடாதென்று, அஸ்தமனத்துக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தார். முருங்கைக் கீரையைப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்துல வச்சி ஆய்ஞ்சியா? பூச்சி கீச்சி இருந்து தொலைக்கப் போவுது, பாவம்" என்றார். ஜீவகா, நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மென்றார், விழுங்கினார், ஏப்பம் விட்டார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பயப்படுகிறாயா என்று கேட்டாயே. இல்லை. பயமாக இருந்தால் பரவாயில்லை.

ராஜமதி


லே
29.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மூட்டையைப் பிரிக்க முடியவில்லை.

மீதி எத்தனை உயிரோடு இருக்கின்றன? அந்த மருத்துவர் அன்புக்கரசி நல்லவராகத் தெரிகிறார். அவரைப் போய்ப் பார். நீலகிரிப் பக்கம் யாராவது ஆடு வளர்ப்பவர்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். குளிர் இருந்தால் பிழைக்கும். லாரிச் செலவு என்னுடையது. ஆட்டை மேலே ஏற்றும்போது நீயும் ஏறிக்கொள். அப்புறம் என்ன என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அந்த வீட்டில் சாப்பிடு, சாப்பிடாதே என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெம்பாக இரு.

உன் தம்பி,
ஜீவகன்


கோத்தகிரி
5.10.2025

அன்புள்ள ஜீவகனுக்கு,

இந்த விலாசத்தைப் பார்த்ததும் உனக்குப் பாதி புரிந்திருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை பேச்சுக்காக எழுதவில்லை. இங்கே குளிர் இதமாக இருக்கிறது. முழங்கால்தான் கொஞ்சம் முனகுகிறது.

இடையில் நான் எழுதாததற்கு நடந்ததுதான் காரணம். பங்குதாரர் பாராட்டு விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் மாக்கோலம், சந்தனம், மேடையில் சாமி படம். வந்த பெரியவர்களுக்கு 'செஞ்சி ஆட்டின் முதல் சால்வை' என்று ஆளுக்கு ஒன்று போர்த்தினார்கள். நீ சொன்ன அதே செயற்கை நூல்தான். நம் கடையில் அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினதை நானே எண்ணி வைத்தேன். உன் மாமா மைக்கில், "ஓர் எறும்பைக்கூட மிதிக்காத மரபு எங்கள் மரபு" என்றபோது எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்த ஆடுங்கள்லாம் எங்க போச்சின்னு கேளுங்க. கறிக்கடைக்குப் போச்சி. தோல் மட்டும் திரும்பி வந்துது. நான் கண்ணால பாத்தேன்."

இனி எல்லாரும் எழுந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். முன்வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, "உக்காரும்மா. வீட்டு விஷயத்த வீட்டுல பேசிக்கலாம்" என்றார். இன்னொருவர், "பந்தி போட்டாச்சா பாருங்கப்பா, பொழுதாவுது" என்றார். எழுந்து சாப்பிடப் போனார்கள், ஜீவகா. சால்வையில் குழம்பு படாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவர் கூச்சப்படாமல் எனக்கும் இலை போட்டார்.

நான் குடோனுக்குப் போய்விட்டேன். மிச்சம் பதினோரு ஆடு. மருத்துவர் அன்புக்கரசியிடம் முன்னாலேயே பேசி வைத்திருந்தேன். அவர் சித்தப்பாவுக்கு இங்கே புல்வெளியும் பட்டியும் இருக்கின்றன. செந்தமிழன் லாரி கொண்டுவந்தார். ஏற்றும்போது அவர் ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அக்கா, போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்றார். "ஆனா ஆவட்டும், என் பேரச் சொல்லுங்க" என்றேன். மலையேறும்போது இரண்டு செத்துவிட்டன. அவற்றை இங்கே தோலோடு புதைத்தோம். மற்ற ஒன்பதும் முதல் வாரம் தலையே தூக்கவில்லை. இப்போது பனியில் நின்று மேய்கின்றன. குடோனில் வந்த சொறி ஆறிவிட்டது.

போன புதன்கிழமை உன் மாமா வந்தார். கோபமாக இல்லை. ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். பட்டி ஓரமாகக் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பட்டியில் நாற்றமே இல்லை.

"வீட்டுக்கு வா. நடந்தது நடந்துபோச்சி. கோயில்ல ஒரு சாந்தி பண்ணிடலாம். ஊர்ல ஒருத்தரும் அதப் பத்திப் பேசல."

"கொன்னது?"

"நாம எங்க கொன்னோம்? நம்ம வீட்டுல யாரும் ஒரு துண்டு சாப்டல. நம்ம கையில ரத்தம் படலியே ராஜமதி."

அதை அவர் நாடகத்துக்காகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தார். சுத்தமான கை, நகம் வெட்டி, மோதிரம் போட்டு, சந்தன சோப்பு வாசனையோடு இருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது பட்டதும் அருவருப்பாக இருந்தது. இத்தனை நாள் இதை உன்னிடமும் மறைத்தேன், அவரிடமும் மறைத்தேன். அன்றைக்கு மறைக்கவில்லை. முகம் போன போக்கில் விட்டுவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மெல்லக் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கீழே போகிற பஸ்ஸுக்கு நேரம் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

குளிரில் ஜாக்கிரதையாக இரு. இங்கே வர முடிந்தால் வா.

உன் அக்கா,
ராஜமதி